முதலாளி சொன்ன கதை

பள்ளிக்கூட மேடைக்குப் பின்னால் சோடாப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உச்சிமாகாளி காத்து நின்றான். இடது கண்ணில் துண்டுக் கட்டு. போன வாரம் சோடா பாட்டிலில் கேஸ் ஏற்றும்போது அது வெடித்துச் சில்லு பாய்ந்த கண். மற்ற நாளில் ஒவ்வொரு பாட்டிலையும் தட்டிப் பார்த்து, கீறல் சத்தம் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள். குற்றாலத்தில் சாரல் இறங்கி, அருவிக்கரைக் கடைகள் சோடாவுக்குப் பறக்கும்போது தட்டவாவது, கேட்கவாவது. முதலாளி குற்றாலிங்கம் விரட்டுகிற விரட்டில் கழுவின கையோடு எந்திரத்தில் மாட்ட வேண்டியதுதான்.

உடனே மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் நல்ல கண்ணும் போய்விடும் என்று தென்காசி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பள்ளிக்கூடத்துல பேசிட்டு வாறேன், நம்ம கார்லயே அனுப்புதேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்.

மாலையும் கழுத்துமாகக் குற்றாலிங்கம் பேசினார். "தம்பிகளா, ஒத்த எந்திரத்தோட ஆரம்பிச்சவன் நான். ஒருநா பாட்டில் வெடிச்சு நெத்தி கிழிஞ்சிட்டு. படுத்தேனா? துண்ட எடுத்துக் கட்டுனேன். கொட்டுத மழையில குற்றாலம் வரைக்கும் வண்டியத் தள்ளுனேன். அன்னைக்குப் படுத்திருந்தா இன்னைக்கு இங்கன நிப்பனா?"

பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். உச்சிமாகாளியின் கை நெற்றித் தழும்புக்குப் போனது. அடப்பாவி, கிழிந்தது என் நெற்றியல்லவா? வண்டி தள்ளினவன் நானல்லவா? அன்றைக்குக் காய்ச்சலென்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது நீரல்லவா? ஆனாலும் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கவேண்டியவன் கதைக்காகச் சண்டை போட முடியுமா?

கூட்டம் கலைந்ததும் கிட்டே போனான். "அண்ணாச்சி, மதுரைக்கு..."

"நான் பேசுனதக் கேட்டேல்லா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"பொறவென்ன? சின்னப் பிள்ளையளுக்கே வெளங்குது. சாரல் நேரத்துல எந்திரத்த யாருட்ட விட்டுட்டுப் போவ? இறுக்கிக் கட்டிட்டு வேலையப் பாருலே. ஆடி கழியட்டும்."

கார் கிளம்பிப் போய்விட்டது. உச்சிமாகாளி அங்கேயே நின்றான்.

"ஏய், சோடாக்காரரே" என்று ஒரு வாத்தியார் கூப்பிட்டார். "பிள்ளையளுக்கு எல்லாம் ஓசியாக் குடுக்கணும்னு மொதலாளி சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒடச்சுக் குடும்."

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். உச்சிமாகாளி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கோலியை அமுக்கிக் கொடுத்தான். பாதிப் பெட்டி காலியாவதற்குள் வலது கண்ணும் கலங்கி எல்லாம் மங்கலாகிவிட்டது. அதன்பிறகு கண்ணால் பார்க்கவில்லை. பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் தடவி, கோலி இருக்குமிடத்தைக் கண்டுபிடித்து அமுக்கினான்.