இரண்டு வண்டிக்குள் ஒரு சிலிண்டர்

ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு வெப்சைட் எழுத வந்தவளுக்கு வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. கோடில் வண்டி ஒரு ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களைப் போட்டு வைக்கிற ஒரு பெட்டி. அதற்குள் டிரைவர் ஒரு ஆப்ஜெக்ட், ஆக்சிஜன் சிலிண்டர் இன்னொன்று. மூச்சுத் திணறுகிறவர் வீட்டுக்கு எந்த வண்டி போவது என்பதை, போன் எடுப்பவர்கள் இனி இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாலை நான்கு மணிக்கு அது திறந்தாக வேண்டும்.

இரண்டாம் வண்டியை எழுதிய கையோடு, சோம்பல்பட்டு அதையே நகலெடுத்து மூன்றாம் வண்டி என்று பெயர் வைத்து, டிரைவரை மட்டும் மாற்றிவிட்டாள். மூன்றரைக்குச் சோதித்துப் பார்த்தாள். இரண்டாம் வண்டியின் சிலிண்டர் காலி என்று தட்டினால், மூன்றாம் வண்டியும் காலி என்றது.

தலையில் அடித்துக்கொண்டாள். நகலானது வண்டி மட்டும்தான். உள்ளே ஒரே சிலிண்டர் இரண்டு வண்டியிலும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கத்துக்குட்டி செய்கிற தப்பு. சிலிண்டரையும் தனியாக நகலெடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

அந்த வரியைத் தட்டும்போது சித்தப்பா வந்தார். மூன்றாம் வண்டியின் டிரைவர். தொண்டையை வைத்து எல்லோரும் அவரை 'சைரன்' என்பார்கள். ஸ்கிரீனில் இரண்டு வண்டியும் காலி என்று இருந்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இத உனக்கு யாரும்மா சொன்னது?"

"எத சித்தப்பா?"

"எங்க ரெண்டு வண்டிக்கும் ஒரே சிலிண்டர்தான்னு. இன்னொன்னு ரிப்பேருக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. முதல்ல கிளம்புறவன் தூக்கிட்டுப் போவான்."

"மேனேஜர் குடுத்த லிஸ்ட்ல வண்டிக்கு ஒண்ணுன்னு இருக்கே!"

"லிஸ்டுக்கு என்ன, மூச்சா திணறுது?"

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். குருட்டாம்போக்கில் கை செய்த தப்பு, லிஸ்ட் மறைத்த உண்மையைச் சொல்லிவிட்டதே! திருத்தியிருந்தால், இல்லாத சிலிண்டரை நம்பி ஒரு வண்டி யார் வீட்டு வாசலிலோ போய் நின்றிருக்கும். நினைக்கவே பயமாக இருந்தது.

எழுதிய வரியை அழித்தாள். மேனேஜரை அழைத்து, அவர் கண் முன்னால் ஒருமுறை தட்டிக் காட்டினாள். இரண்டு வண்டியும் ஒன்றாகக் காலியாயின. மேனேஜர் புது சிலிண்டர் கேட்கப் போனை எடுத்தார்.

நான்கு மணிக்குப் பக்கம் அப்படியே திறந்தது.

மறுநாள் காலை சித்தப்பா புது சிலிண்டரை வண்டியில் ஏற்றி, பட்டையைப் போட்டு இறுக்கினார். அதன் பிறகுதான் அவள் அந்த வரியை எழுதினாள். இரண்டாம் வண்டியைக் காலி என்று தட்டினாள்.

மூன்றாம் வண்டியில் ஆக்சிஜன் இருந்தது. சித்தப்பா சந்தோஷத்தில் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.