பூட்டிக்கிடந்த பிள்ளைக்காம்பரா

கெலிஓயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு கற்கட்டடம் முப்பத்தைந்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன பிள்ளைக்காம்பரா அது. அந்த வழியாகப் போனால் பஸ் நிற்கும் இடம் ஐந்து நிமிஷம். ஆனாலும் எல்லோரும் கோயிலைச் சுற்றி இருபது நிமிஷம் நடந்தார்கள். ஏன் என்று கேட்ட பிள்ளைகளிடம் பாம்பு இருக்கிறது என்றார்கள்.

நிரோஷாவும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். இப்போது தோட்டத்துச் சிறுவர் நிலையம் அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, பழைய கட்டடத்தையே திருத்தித் திறக்கப்போவதாகச் சொன்னாள். அவளுடைய அப்பா பெரியதம்பி, நொண்டும் காலை நீட்டி உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்சுமணன் மாமா, தண்ணிக் குழாயை நீங்க போட்டுத் தருவீங்களா?"

லெட்சுமணன் கண்டி மாநகர சபையில் குழாய் வேலை பார்ப்பவன். லயத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் கழுத்து வியர்த்தது.

எண்பத்தொன்பதில் அந்தக் கட்டடத்தில் நான்கு மாதம் ராணுவ முகாம் இருந்தது. அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய கீழே கிராமத்துப் பொடியன்களுக்குத் தோட்டத்தில் யாரோ சோறு போடுகிறார்கள் என்று துப்பாக்கிக்காரர்களுக்குச் சந்தேகம். லெட்சுமணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டு நாள் அடித்தார்கள். பிறகு அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து, பெண்கள் பார்த்திருக்க ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். மூன்று பேரைத் தலையாட்டிக் காட்டிக்கொடு, இல்லாவிட்டால் உன் அப்பனைக் கொண்டுபோவோம் என்றார்கள். அவன் ஆட்டினான். மூன்று பேரில் பெரியதம்பி கால் முறிந்து திரும்பினார். இன்னொருவர் திரும்பி வந்து சில வருஷத்தில் செத்துப்போனார். கறுப்பையா வரவே இல்லை. அவர் மனைவி வேலாயிக்கு அப்போது இருபத்து மூன்று.

அடுத்த ஞாயிறு காலை லெட்சுமணன் சாமான்களோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போனான். சாவியைப் பூட்டு வரை கொண்டுபோய் எடுத்துவிட்டான். படியில் உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நேரம் போனதோ, யாரோ வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். வேலாயி நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பாதையில் அவளை அவன் கண்டதே இல்லை.

"உள்ள போக முடியலையா?"

"முடியல அக்கா." இத்தனை வருஷம் அடைத்துக் கிடந்தது தானாக வெளியே வந்தது. "அன்னைக்குச் சாக்குக்குள்ள இருந்தது நான்தான்."

அவள் முகம் மாறவில்லை. "தெரியும். சாக்கு உன் இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. ஒரே குழாயில தண்ணி புடிச்சவங்க, காலு தெரியாதா? பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும்."

"யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா என்ன நடந்திருக்கும்? ஆம்பளைங்க உன்னைய வெட்டிருப்பாங்க, அதுக்கு முகாம்காரனுங்க லயத்தைக் கொளுத்திருப்பானுங்க. பேசக் கூடாதுன்னு குழாயடியில முடிவு பண்ணினோம். உங்கம்மாவும் அங்கதான் நின்னாங்க. அப்புறம் பேசாமலே பழகிப்போச்சு."

தன் கல்யாணத்துக்கு வந்து பரிமாறிய பெண்கள், அம்மா செத்தபோது கூடவிருந்து அழுத பெண்கள், எல்லோருடைய முகமும் அவன் முன்னால் வந்தது. தான் ஒளிந்திருப்பதாக அவன் நினைத்த அத்தனை நாளும் அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"ஏன் எங்க வீட்டுக்காரரைக் காட்டுன?"

"அண்ணன் பலசாலி. எவ்வளவு அடிச்சாலும் தாங்கிட்டு வந்துருவாருன்னு நெனச்சேன்."

வேலாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்குள்ளதானே செத்தாரு?" என்றாள்.

"இல்ல அக்கா. மூணாம் நாள் காலையில ஜீப்புல ஏத்திக் கம்பளைப் பக்கம் கொண்டுபோனாங்க. என்னைச் சோறாக்குற குசினியில வச்சிருந்தாங்க, ஜன்னலால பாத்தேன். கையைக் கட்டியிருந்தாங்க. நடந்துதான் போனாரு."

"நடந்தா?"

"நடந்துதான்."

அவள் படியில் சரிந்து உட்கார்ந்தாள். அவன் எதிர்பார்த்த அழுகை வரவில்லை.

"தலையாட்டினதுக்கு நான் உன்னைய ஒண்ணும் சொல்லல. அடி வாங்கினவன் நீ. ஆனா இதை அன்னைக்கே சொல்லிருக்கணும். நான் கம்பளையில போய் விழுந்து கெடந்திருப்பேன். இத்தனை வருஷம் இந்தச் சுவத்துக்குள்ள புதைச்சிருக்காங்கன்னு இதைச் சுத்திச் சுத்திப் போயிட்டிருந்தேனே."

அவன் கையிலிருந்த சாவியைப் படியில் வைத்தான்.

"இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லு," என்றாள். "அப்புறம் அரசாங்கக் கச்சேரிக்கு வந்து, அவரு காணாமப்போனதை எழுதிக் குடு."

அன்று பின்னேரமே மண்டபத்தில் சொன்னான். வரிசையில் நின்ற ஆண்கள் சாக்கின் கண் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; சாக்குக்காரனின் காலைப் பார்க்கவில்லை. பெரியதம்பிக்கு அது புதுச் செய்தி. அவர் நிரோஷாவின் தோளைப் பிடித்து எழுந்து, வெளியே போனார். மலையில் வழுக்கி விழுந்து அப்பாவின் கால் உடைந்ததாக நம்பியிருந்த நிரோஷா, அவர் பின்னால் போவதா நிற்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள். அதன்பிறகு பெரியதம்பி லெட்சுமணனிடம் பேசவே இல்லை.

ஆவணியில் பிள்ளைக்காம்பரா திறந்தது. நான்கு குழந்தைகள் வந்தார்கள். மற்றத் தாய்மார் இன்னும் கோயிலைச் சுற்றித்தான் போகிறார்கள்.

அதற்கு அடுத்த மாதம் லெட்சுமணனும் வேலாயியும் கண்டிக் கச்சேரிக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டவர், பதில் வரச் சுணங்கும் என்றார். திரும்பும் பஸ்ஸில் வேலாயி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை. லெட்சுமணன் கெலிஓயா வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.