பானுப்ரியா விட்ட கொசுறு

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி கடையில் எதை வாங்கினாலும் கொசுறு உண்டு. கால் கிலோ பொரிகடலை கேட்டால், தராசு சமமான பிறகும் ஒரு கை அள்ளிப் போடுவார். தூத்துக்குடி துறைமுக ரோட்டில் அத்தனை கடை இருந்தும் லாரிக்காரர்கள் இங்கே வந்து நிற்பது அந்த ஒரு கைக்காகத்தான்.

கடையின் பின்னறையில் இருந்தபடி அவர் மகள் பானுப்ரியா பெங்களூர் கம்பெனிக்குச் சிப் வரைந்துகொண்டிருந்தாள். நகத்தளவு சில்லில் லட்சக்கணக்கான கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓட்டுகிற வேலை. இரண்டு கம்பிக்கு நடுவே இவ்வளவு இடைவெளி போதும் என்று விதி உண்டு. அண்ணாச்சி மகள் அளந்தபடியா விடுவாள்? இடமிருந்தால் விதிக்கு மேல் ஒரு துளி சேர்த்தே விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை.

போன வருஷம் ஏஐ வரைகிற படங்களைத் திருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திருத்துவதுபோல் சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

"இதுவாப்பா எங்க வேலையப் பிடுங்கப் போவுது?" என்று அப்பாவிடம் கேலி வேறு.

அன்று காலை மேனேஜர் ஜெஃப்ரி வீடியோவில் வந்தார்.

"பானு, இந்தப் படத்த ஏஐ தனியா வரைஞ்சிருக்கு. மத்தியானத்துக்குள்ள ஒரு தப்பு காட்டுங்க. காட்டினா உங்க வேலைக்காக மேல பேசுவேன். இல்லன்னா கஷ்டம்."

சல்லடை போட்டுத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது. வேலை தப்பித்த சந்தோஷத்தில் வேறெதுவும் யோசிக்காமல் ஜெஃப்ரியைக் கூப்பிட்டாள்.

"சார், இங்கன பாருங்க. விதிக்கு மேல இடம் விட்டிருக்கு. அத்தனையும் வேஸ்ட்."

"அது தப்பில்ல பானு. அப்படி இடம் விட்ட சிப்தான் ரொம்பக் கம்மியா பழுதாகுது. டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. அது எங்க கத்துக்கிச்சுன்னுதான் எங்களுக்கே புரியல."

பானுப்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். திருப்பத்தில் ஒரு துளி. ஓரத்தில் ஒரு துளி. அவள் எங்கெங்கே விடுவாளோ, அங்கங்கேயே. பகீரென்றது. தன் கையை யாரோ வெட்டி எடுத்துப்போய் வேலை வாங்குவதுபோல் இருந்தது.

"எங்கிட்டதான் சார் கத்துருக்கு. நான் திருத்திக் குடுத்த படத்துலருந்து."

ஜெஃப்ரி மணியைப் பார்த்தார்.

"வேற ஏதாவது தப்பு இருக்கா பானு?"

"இல்ல சார்."

"சாரி பானு" என்றார். திரை அணைந்தது.

எப்படி எழுந்தாள், எப்படிக் கடைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா ஒரு லாரிக்காரருக்குப் பொரிகடலை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு சமமாக நின்றது. அவர் கை மறுபடியும் டப்பாவுக்குள் போயிற்று.

"போடாதீயப்பா!"

அவள் போட்ட கத்தலில் லாரிக்காரர் இரண்டடி பின்னால் போனார். அண்ணாச்சியின் கை கடலையோடு அந்தரத்தில் நின்றது.

"ஏளா, என்ன ஆச்சு உனக்கு? ஒரு கை கடலதானளா?"

"நானும் ஒரு துளிதாம்ப்பா விட்டேன்" என்று சொல்லி, பானுப்ரியா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள்.