பாறைப் பக்கம் சாயாத பண்ணையார்

தங்கையனைப் புதைத்த மறுநாள் காலையில், மேலப்படுகை மதகுக்குக் கீழே வெண்ணாற்றில் பாறைகள் முளைத்திருந்தன. தஞ்சாவூர்ச் சீமையில் கல் என்றால் கோயிலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மியாக இருக்க வேண்டும். ஆற்றில் வண்டலைத் தவிர வேறெதையும் கண்டிராத ஊர் அது. அன்றைக்கோ யானை யானையாகக் கரும்பாறைகள் நின்றன. தண்ணீர் அவற்றின்மேல் ஏறிக் குதித்து, வெள்ளை வெளேரென்று நுரைத்து, மலையிலிருந்து இறங்குகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடியது. மதகுப் பாலம் இருந்த சுவடே இல்லை. பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து பார்த்தார், மேட்டூரில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்றார், இளநீர் குடித்தார், போனார். மேட்டூரை மூடிய பிறகும், சித்திரையில் ஆறு முழுக்க மணலாகக் கிடந்தபோதும், அந்த ஒரு பர்லாங் மட்டும் நுரைத்துக்கொண்டுதான் இருந்தது.

தங்கையன் எப்படிச் செத்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டான். சென்னையில் ஆட்சி மாறி, சுவரெல்லாம் உதயசூரியன் வரைந்திருந்த காலம். கேட்டால் கிடைக்கும் என்று நினைத்துவிட்டான் பாவி. மிராசுதார் இராஜாங்கம் ஆள்விட்டு அவனை மதகுத் தூணில் கட்டவைத்து, குடை பிடித்தபடி நின்று, கதவைத் தூக்கச் சொன்னார். தவறி விழுந்தான் என்றது போலீஸ். ஆமாம் என்றது கோர்ட்டு. அவன் பெண்டாட்டி அம்சம், கோர்ட்டு வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து இராஜாங்கத்தை "ஆண்டே" என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

அழுது ஓய்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், வாழைத்தண்டுகளை மூங்கில் முளையால் கோத்துத் தெப்பம் கட்டியது. புருஷன் செத்த இடத்தில் பிறந்த வெள்ளம் தனக்குத்தான் பாத்தியம் என்று அவள் நினைத்தாள், இதில் என்ன தப்பு? கவிழ்ந்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி கவிழ்ந்தாள். முழங்கால் சில்லுப் பெயர்ந்தது. விழுந்தால் மல்லாந்து, காலை முன்னே நீட்டி, தண்ணீரோடு போக வேண்டும் என்று கண்டுகொண்டாள். பொங்குகிற இடத்துக்கு அடியில் கல் இருக்கும், இரண்டு பொங்கலுக்கு நடுவே பச்சையாக, நாக்கு நீட்டிய மாதிரி வழுவழுவென்று ஓடும் தண்ணீர்தான் பாதை என்று கண்டுகொண்டாள். எல்லாவற்றையும்விட முக்கியம் நடுப்பாறை. எப்படிப் போனாலும் தெப்பம் அதில் போய் அணையத்தான் செய்யும். பயந்து பாறையை விட்டு விலகிச் சாய்ந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறிவிடும். பாறைப் பக்கமே எல்லோரும் சாய வேண்டும். சாய்ந்தால் தெப்பம் தானாக நழுவி இறங்கிவிடும். ஊரே அவள் தெப்பத்தில்தான் அக்கரை போய் வந்தது. "சாயுங்க!" என்று அவள் ஒரு அதட்டுப் போட்டால் கர்ப்பிணியும் சாய்வாள், கட்டிவைத்த ஆடும் சாயும்.

இப்படி இருக்கையில் நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தது. மிச்ச நிலத்தைச் சர்க்கார் எடுத்து, உழுகிறவர்களுக்குக் கொடுக்கும். இராஜாங்கம் சும்மா இருப்பாரா? மச்சான் பேருக்கும், மாட்டுக்காரன் பேருக்கும், இன்னும் பிறக்காத பேரன் பேருக்கும் எழுதிவைக்கத் திட்டம் போட்டார். அதற்குக் கெடு முடிவதற்குள் அக்கரை போய் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டும். சொந்த ஆட்களை வைத்துப் படகு விட்டார், படகு சுள்ளியாகத் திரும்பி வந்தது. மேற்கே இருக்கிற பாலத்துக்கு வண்டி பூட்டினார். வெள்ளம் அவருக்கு முன்னால் அங்கே போய், பாலத்தின் நடுவாந்திரத்தைத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் மதகடிக்குத் திரும்பிவிட்டது. கெடுவின் கடைசி நாள், சரிகை அங்கவஸ்திரத்தோடு அவரே துறைக்கு இறங்கி வந்தார்.

"ஏய் அம்சம், என்னை அக்கரையில கொண்டுபோய் விடுடி."

"விடுறேங்க. யாரா இருந்தாலும் விடுவேன். சாயுங்கன்னு சொன்னா பாறைப் பக்கம் சாயணும். அவ்வளவுதான்."

கொல்ல வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கழியால் ஒரு போடு போதும். ஆனால் அப்புறம் அவள் ஜெயிலுக்குப் போவாள், அவர் பாவப்பட்ட மனிதராகிப் படத்துக்கு மாலை வாங்கிக்கொள்வார். அது வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தெப்பத்தில் மூன்றாவது ஆள், மண்டிக்கு அரிசிச் சாக்கு கொண்டுபோன மீரா உசேன். வழக்கமாகப் பின்னால் நின்று கழி போடுகிற அம்சம், அன்றைக்குப் பாறைப் பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டதை அவர் கவனித்தார்.

அவள் சுத்தமாகத்தான் ஓட்டினாள். முதல் பொங்கலை ஒதுக்கினாள், பச்சை நாக்கில் இறக்கினாள், ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கவஸ்திரத்தில் படவில்லை. நடுப்பாறையில் தெப்பம் அணைந்தது. "சாயுங்க!" என்று கத்தினாள். மீரா உசேன் அல்லாவைக் கூப்பிட்டபடி அவள் முதுகில் வந்து விழுந்தார். இராஜாங்கம் சாய வேண்டிய இடத்தில் அம்சத்தின் தோள் இருந்தது. அவர் அந்தத் தோளைப் பார்த்தார். பிறகு, தெருவில் அவள் சேரிக்காரர்கள் எதிரே வந்தால் தீட்டுப் படாமல் ஒதுங்குவாரே, அதே மாதிரி ஒதுங்கி மறுபக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் தாழ்ந்தது, தண்ணீர் ஏறியது, அவர் வழுக்கிப் போய்விட்டார். தெப்பம் நழுவி இறங்கியது.

பாறைக்குப் பின்னால் சுழல் அவரைத் தூக்கிக் காட்டியது. அம்சம் குனிந்து கையை நீட்டினாள்.

"பிடிங்கய்யா!"

"பண்ணையாரே, பிடிச்சுத் தொலைங்களேன்! உசுரு போற நேரத்துல என்ன?" என்று மீரா உசேன் அலறினார்.

இராஜாங்கம் கையைப் பார்த்தார், தன் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். மறுபடி பார்த்தார். மறுபடி இழுத்துக்கொண்டார்.

அவர் சாகவில்லை. இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார். செத்தால் அல்லவா கேஸ் எழுதுவதற்கு என்று போலீஸ் திரும்பிப் போய்விட்டது. கெடு முடிந்தது, நிலம் பிரிந்தது, ஆற்றோரத் துண்டு அம்சத்துக்கு வந்தது. அவள் நட்டாள், அறுத்தாள், மகளைத் தரங்கம்பாடிக்குக் கட்டிக்கொடுத்தாள். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. அவர் மகன்கள் கயிறு வீசிப் பார்த்தார்கள், கயிறு அவருக்கு எட்டவில்லை. எட்டுவது அவள் கை ஒன்றுதான். தெப்பம் போகும்போதெல்லாம் நடுப்பாறையில் எல்லோரும் சாய்வார்கள், அம்சம் கையை நீட்டுவாள், பண்ணையார் கையை இழுத்துக்கொள்வார், தெப்பம் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும்.

"உன் புருஷனைக் கொன்னவரு. அவருக்குப் போயி தினமும் கை கொடுக்கறியே, உனக்கு இவ்வளவு பெரிய மனசா?" என்று ஒரு நாள் மீரா உசேன் கேட்டேவிட்டார்.

"மனசாவது மண்ணாவது," என்றாள் அம்சம், கழியை ஊன்றியபடி. "பிடிச்சிருவாருன்னு தெரிஞ்சா நீட்டுவேனா நான்?"

சரிதான் என்று தலையாட்டிவிட்டு, மீரா உசேன் அரிசிச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனார்.