வெயிலில் ஒழுகிய கார்

“எட்டு நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணிய இப்படிக் குடங்குடமா கார் தலையில ஊத்துறீகளே, அது என்ன மொட்டை போட்டுட்டு வந்திருக்கா குளிப்பாட்டிவிட?”

“எங்க குடம், எங்க தண்ணி, எங்க காரு. ஒனக்கு எங்க எரியுது?”

“தண்ணி ஓடுறது எங்க வாசல்ல, ராக்கம்மா. அங்கதான் எரியுது!”

முதலில் கத்தியது நாகஜோதி. பதில் கொடுத்தது ராக்கம்மாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்துதான். ஆனாலும் பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டுமே என்ற நல்ல மனதோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரியான எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் துணி காயப்போடும் சாக்கில் வாசலுக்கு வந்தேன். வாளியில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அதை நான்கு தடவை உதறினேன்.

சண்டையைப் பற்றிக் கவலையே இல்லாமல், ராக்கம்மாளின் வீட்டுக்காரர் இருளப்பசாமி முக்காலியில் ஏறி நின்று காரின் கூரைமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காருக்குள்ளே மெக்கானிக் ஜெபக்குமார் மல்லாந்து கிடந்தான். கையில் டார்ச், மார்பில் துண்டு.

“ஏலே தம்பி, ஒழுகுதா?”

“இல்ல அண்ணாச்சி.”

“இப்ப?”

“இப்பவும் இல்ல.”

ஒழுகவில்லை என்று சொல்லச் சொல்ல, இருவர் முகத்திலும் சந்தோஷம் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துப் பழசு. மதுரையில் யாரோ டாக்டர் வைத்திருந்தது என்று சொல்லி வாங்கிவந்தார் இருளப்பசாமி. எங்கள் தெருவில் வேறு கார்களும் உண்டு. கூரையில் சன்ரூஃப் வைத்த கார் அது ஒன்றுதான். பட்டனை அமுக்கினால் தலைக்கு மேலே கண்ணாடி பின்னால் நகர்ந்து வானம் தெரியும். பத்து மாதம் வெயில் கொளுத்துகிற ஊரில் வெயிலை உள்ளே அழைக்கிற வண்டி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. மனிதர் காதில் வாங்கவில்லை. வாங்கிய புதிதில், மாரியம்மன் கோயில் பொங்கலன்று மகளை வண்டி ஓட்டச் சொல்லி, அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். தேர்தலில் நிற்கிறாரோ என்று இரண்டு பேர் கும்பிட்டார்கள். இவரும் திருப்பிக் கும்பிட்டார்.

அந்தக் கண்ணாடிதான் இப்போது ஒரு கல்யாணத்துக்கு நடுவில் வந்து நின்றது.

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் மகள் மாரீஸ்வரியைப் பெண் பார்க்க மல்லாங்கிணற்றிலிருந்து வந்தார்கள். மாரீஸ்வரிக்கு அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் பார்க்கிற வேலை. வயது இருபத்தெட்டு. வேலையை விடமாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவாள். அதனால் முன்னால் வந்த நான்கு வரன்களும் இரண்டாம் பேச்சுக்கு வரவில்லை. இந்த மாப்பிள்ளை காளீஸ்வரன் மின்வாரியத்தில் லைன்மேன். “நானே கம்பத்துல ஏறி எறங்குறவன். நீங்க வேலைக்குப் போறதுல எனக்கென்ன?” என்றான். பஜ்ஜி போட நான்தான் கூடமாட நின்றேன், என் காதாலேயே கேட்டேன். காபியைக் கொடுக்கும்போது மாரீஸ்வரி, “சீனி போதுமா?” என்று கேட்டாள். முந்தைய நான்கு பேரிடமும் அவள் அதைக் கேட்டதில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பஜ்ஜி வேகும்போதே மழை பிடித்தது. ஆறு மாதத்துக்கு அப்புறம் வந்த முதல் மழை. “நல்ல சகுனம்” என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் நவநீதகிருஷ்ணன் சொன்னார். அவர் வீட்டில் பல்லி கத்தினால்கூடப் பஞ்சாங்கம் எடுக்கிற மனிதர். அரை மணி நேரத்தில் மழை விட்டது, வெயில் சுள்ளென்று அடித்தது.

“பஸ்ஸுல எதுக்கு? நம்ம வண்டி இருக்கு” என்று இருளப்பசாமி எல்லாரையும் காரில் ஏற்றினார். மாப்பிள்ளையின் அம்மா தங்கலட்சுமிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும், முன்னால் உட்கார்ந்தார். ஊர் எல்லையில் வேகத்தடை. இருளப்பசாமி பிரேக் போட்டார். அவ்வளவுதான், தலைக்கு மேலே இருக்கிற குட்டி விளக்கின் வழியாக ஒரு செம்புத் தண்ணீர் அந்த அம்மாவின் உச்சியில் மடாரென்று விழுந்தது. பட்டுச் சேலை, கனகாம்பரம், நெற்றிக் குங்குமம் எல்லாம் சேர்ந்து மடிக்கு வந்துவிட்டன. வெளியே எட்டிப் பார்த்தால் பொட்டு மேகம் இல்லை.

அடுத்த நிமிஷமே தாய்மாமன் சகுனத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். வெயில் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் தலையில் தண்ணீர் விழுந்தால் இந்தச் சம்பந்தம் ஆகாது என்றார். தங்கலட்சுமி அதற்குத் தலையாட்டவில்லை. இறங்கிப் பஸ்ஸில் போனார். மறுநாள் போன் வந்தது.

“சேலை போனாப் போகுது மதினி. மழை விட்டு ஒரு மணி நேரங் கழிச்சு, உச்சி வெயில்ல, தண்ணி எங்க இருந்து வந்துச்சு? எனக்கு அது தெரியணும். தெரியாம இருந்தா எங்க அண்ணன் சொல்றதுதான் நெலைக்கும். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா விட்டுருவோம்.”

ராக்கம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் இது தெருவுக்கே தெரியும்.

ஜெபக்குமாரின் பட்டறை பைபாஸில் இருக்கிறது. டிராக்டர், மினி லாரி, லோடு ஆட்டோ என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பூட்டிவிடுவான். ஆனால் கூரையில் ஓட்டை போட்ட வண்டி அவன் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடி ஓரத்து ரப்பர் பழசாகிவிட்டது என்றான். சுற்றிலும் சிலிக்கான் பசையை வழித்தான். இதற்கு முன்னாலும் இரண்டு தடவை அப்படித்தான் வழித்தானாம், ஒவ்வொரு மழைக்கும் லேசாக ஒழுகியபோது. இப்போது மூன்றாவது அடுக்கு. ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது. இனி அந்தக் கண்ணாடி திறக்கவே திறக்காது.

சரி, ஒட்டியாகிவிட்டது. நின்றதா என்று எப்படித் தெரியும்? அடுத்த மழைக்குக் காத்திருந்தால் புரட்டாசி வந்துவிடும். அதனால்தான் குழாய்த் தண்ணீர் வந்த சனிக்கிழமை இந்த அபிஷேகம். உப்புத் தண்ணீரை ஊற்றக்கூடாதா என்று நாகஜோதி கேட்டதற்கு, “பெயிண்டு போயிரும்த்தா” என்று இருளப்பசாமி சாந்தமாகப் பதில் சொன்னார். அவள் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேசினாள், அவர் பெயிண்டைப் பற்றிப் பேசினார்.

ஏழாவது குடத்தில் ஜெபக்குமார் எழுந்து உட்கார்ந்தான். “ஒரு பொட்டு எறங்கல அண்ணாச்சி. ஜெயிச்சுட்டோம்.”

அப்போதுதான் தெருமுனையில் டவுன் பஸ்ஸிலிருந்து தங்கலட்சுமி இறங்கி வந்தார். சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சப்பை, தலையில் பூ இல்லை. முன்யோசனைக்காரி.

“பொறுக்க முடியலண்ணே. கண்டுபிடிச்சீகளா?” என்றார், வாங்க என்று சொல்லக்கூட நேரம் கொடுக்காமல்.

“கண்டுபிடிக்கிறதென்ன தங்கச்சி, அடச்சே முடிச்சாச்சு. ஏழு குடம் ஊத்தியாச்சு, சொட்டு இல்ல!”

“அப்படியா? அன்னைக்கு நான் உக்காந்த எடத்துல நீங்க உக்காருங்க. தம்பி வண்டிய எடுக்கட்டும்.”

இருளப்பசாமி கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். ஜெபக்குமார் பத்தடி ஓட்டி, பிரேக்கை மிதித்தான்.

தண்ணீர் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. கதவைத் திறந்து இறங்கிய இருளப்பசாமியின் மீசையில் சொட்டிக்கொண்டிருந்தது. நாகஜோதி, “ஏழு குடத்துல ஒரு செம்பாவது உருப்படியாப் போச்சு” என்றாள். ராக்கம்மாள் திட்ட வாயைத் திறந்து, சிரிப்பு வந்துவிட்டதால் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்ட். யூனிபார்மோடு படியில் நின்று காரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

“அண்ணே, இந்தப் பசைய அறுங்க. கண்ணாடியத் தொறக்கணும்.”

ஜெபக்குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று அடுக்கு உழைப்பு. இருந்தாலும் பிளேடை எடுத்துச் சுற்றிலும் அறுத்தான். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி முனகிக்கொண்டே பின்னால் போனது. மாரீஸ்வரி முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். தங்கலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டின் மேலேயே ஏறி நின்று, சன்ரூஃப் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். இருவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்தான்.

“அத்தை, இங்க பாருங்க. கண்ணாடிக்குக் கீழ சுத்திலும் வாய்க்கால் மாதிரி இருக்கு. பசைய மீறி எறங்குன தண்ணி கெட்டி நிக்குது.”

“ஆமா. மூலையில ஒரு ஓட்டை கூட இருக்கே.”

“அதான் அத்தை! கண்ணாடி வழியாக் கொஞ்சம் தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்காக. வாய்க்கால்ல விழுந்து, மூலை ஓட்டை வழியா எறங்கி வெளிய போயிரணும். எங்க வார்டுல தெனமும் பாக்குறதுதான். தண்ணி உள்ள வர்றது வியாதியில்ல, வெளிய போகாம நிக்கிறதுதான் வியாதி.”

“அப்ப, பிரேக் போட்டா நிக்கிற தண்ணி முன்னால சாயும்…”

“விளக்குக்கு மேல வந்து, உங்க தலையில எறங்கும்.”

அந்த அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! பதிமூன்று நாள் உறங்காத ஆள் போலத்தான் அதுவரை இருந்தார்.

“எங்க பருத்திக்குச் சொட்டுநீர்க் குழா போட்டிருக்கோம். அடச்சுக்கிட்டா வாய் வச்சு ஊதுவோம். ஊதிப் பாருடீ. நான் கீழ பாக்குறேன்.”

முதல் தடவையாக ‘டீ’ போட்டார். நான் குறித்துக்கொண்டேன். 

தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மாரீஸ்வரி ஒரு பழைய சலைன் குழாயை மூலை ஓட்டையில் செருகி ஊதினாள். கன்னம் உப்பியதுதான் மிச்சம். காற்று எங்கும் வரவில்லை. ஜெபக்குமார் முன்கதவைத் திறந்து, கீல் இருக்கும் இடத்தில் டார்ச் அடித்தான். அங்கே சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாயின் வாய் தெரிந்தது. அதில் கறுப்பாக எதுவோ கெட்டியாகப் பூசியிருந்தது. மறுபக்கக் கதவிலும் அதே மாதிரி.

“அண்ணாச்சி, இத யாரு அடச்சது?”

இருளப்பசாமி மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மதுரைக்காரன் செஞ்ச வேலையாத்தான் இருக்கும். வெவரம் இல்லாத பய.”

ஜெபக்குமார் ஸ்க்ரூடிரைவரால் பூச்சைப் பெயர்த்து, உள்ளே இருந்த அடைப்பை இழுத்தான். முறுக்கித் திணித்த துணி. உருவ உருவ வந்தது. பச்சைக் கட்டம், நடுவில் மஞ்சள் கோடு. எனக்கே பார்த்த ஞாபகமாக இருந்தது. ராக்கம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய், தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதே பச்சை, அதே மஞ்சள் கோடு.

“அந்த மதுரைக்கார டாக்டரு உங்க லுங்கியத்தான் கட்டியிருந்தாராக்கும்?”

இருளப்பசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மகள் முகத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

“போன ஐப்பசியில ஒரு மழை. வீட்டுக்கு வந்து கதவத் தொறந்தா அந்த எடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. வண்டிக்குள்ள எங்கயோ பொத்துக்கிச்சுன்னு நெனச்சேன்” என்றார் மெதுவாக. “தண்ணி வெளிய ஓடுறதப் பாத்தா எனக்குக் கை நிக்காது.”

பொய்யில்லை. வானம் பார்த்த பூமியில் மிளகாயும் சோளமும் போடுகிறவர். கண்மாய்க் கரையில் நண்டு வளையைக் கண்டால்கூட, தண்ணீர் கசிந்துவிடும் என்று மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அந்தக் கைதான் காரையும் விட்டுவைக்கவில்லை. மூன்று தடவை பசை பூசிய ஜெபக்குமாரிடம் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை என்பது வேறு கதை. “தப்பு என்னுதுதான் தங்கச்சி. பிள்ளை மேல ஒண்ணும் இல்ல” என்று தங்கலட்சுமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

அந்த அம்மா அதைக் கவனித்த மாதிரியே இல்லை. மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்து நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான்தான். பாளையம்பட்டியில இருக்கேன். சகுனமும் இல்ல, கிகுனமும் இல்ல. லுங்கி… ஆமா, லுங்கிதான்… நீ பஞ்சாங்கத்த மூடி வச்சுட்டு, வர்ற வெள்ளிக்கெழமை தாம்பூலம் மாத்த ஆள் சொல்லு.”

மாரீஸ்வரி சலைன் குழாயைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை.

“இன்னொரு தடவ ஊத்திப் பாப்பமா?” என்றார் தங்கலட்சுமி. “குடம் வேணாம். ஒரு செம்பு போதும்.”

ஜெபக்குமார் மறுபக்கக் குழாயின் அடைப்பையும் உருவி எடுத்தான். நாகஜோதியே ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாய்க்காலில் ஊற்றினார்கள். நாங்கள் பத்துப் பேர் தரையில் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு முன்சக்கரங்களுக்குப் பக்கத்திலும் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கியது. ஒரு பக்கம் நாகஜோதி வாளியை வைத்துப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

கல்யாணம் ஆவணியில் அருப்புக்கோட்டையில் நடந்தது. அன்றைக்கு மழை வரும் வரும் என்று பார்த்தோம், வரவில்லை. இருளப்பசாமிக்குப் பெரிய ஏமாற்றம். மண்டபத்து வாசலில் காரின் கூரையில் செம்பால் தண்ணீர் ஊற்றி மாப்பிள்ளைக்குக் காட்டினார். தாய்மாமன் நவநீதகிருஷ்ணனும் குனிந்து பார்த்துவிட்டு, இது நல்ல சகுனம் என்றார்.

ஜெபக்குமார் அதற்கப்புறம் இங்கே நிலைக்கவில்லை. தைக்குப் பிறகு சாத்தூர்ப் பக்கம் சுஜிதா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். அங்கே சன்ரூஃப் வண்டிகளாகப் பார்க்கிறானாம். வண்டி எதுவானாலும் முதலில் முன்கதவைத் திறந்து கீலைத்தான் பார்க்கிறானாம். பைபாஸ் பட்டறையில் இப்போது புரோட்டாக் கடை.

மாரீஸ்வரி மல்லாங்கிணற்றுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். இங்கே தூறல் விழுந்தாலும் போதும், ராக்கம்மாளின் போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் தங்கலட்சுமியின் குரல்:

“மதினி, அண்ணன வெளிய போய்ப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஊத்துதா?”

இருளப்பசாமி குடையோடு இறங்கி, காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார்.