மஞ்சள் கடவையில் யூஜினா

"இந்த வேகம் உங்களுக்குக் காணும், மிஸ்" என்று கார்த்திகன் சொன்னதுதான் வினையாய்ப் போயிற்று. 'காணும்', அதாவது போதும் என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் விழுங்கியிருந்தால் அவனுக்கும் நல்லது, கொழும்பின் காலி வீதிக்கும் நல்லது.

வெள்ளவத்தையில், கடற்பக்கத்துக் குறுகிய ஒழுங்கை ஒன்றில் அக்கா புளோறன்ஸோடு இருப்பவள் யூஜினா. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய கால்களைக் கொண்டுபோய்விட்டது, வாயை விட்டுவைத்தது. காலி வீதியைக் கடந்தால் மறுபக்கத்தில் ஒரு சனலிங் சென்டர். டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு இலக்கம் கொடுத்து, சத்தம் போடுகிறவர்களை அடக்கி உட்கார வைப்பது அவள் வேலை. அந்த வேலைக்கு வாய் போதும். ஆனால் அங்கே போய்ச் சேர அக்காதான் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி வந்தால் யூஜினாவுக்கு லீவு.

போன வருடம் அக்காவின் மகள் ஜெர்மனியிலிருந்து பெட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை அனுப்பினாள். முதியோர் இல்லமொன்றில் யாரோ ஒரு கிழவர் பாவித்தது. கைப்பிடியில் இருக்கும் சின்னக் குச்சியைச் சாய்த்தால் போதும், ஓடும். யூஜினா அன்றைக்கே யாரையும் கூப்பிடாமல் சந்திக் கடைக்குப் போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தாள். வந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு குறை. இல்லத்தில் மற்றவர்களின் கால்விரலில் ஏறிவிடாதபடி அதன் வேகத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். வேகக் குமிழை எவ்வளவுதான் திருப்பினாலும் அந்தக் கிழவரின் நடைதான். ஒழுங்கைக்குள் பரவாயில்லை. காலி வீதியைக் கடக்கிற மஞ்சள் கடவையில் அவள் நடுவீதிக்கு வருமுன்னே பஸ்காரர்களின் பொறுமை போய்விடும். போன கிழமை ஒரு பஸ் அவளுடைய கால்தட்டை உரசிக்கொண்டு போனது. அதைக் கேள்விப்பட்ட புளோறன்ஸ் ஒரே பிடியாய் நின்றாள்.

"இனி நீ தனிய ரோட்டுக்கு இறங்கக்கூடாது. வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வீட்டில இரு."

"வீட்டில இருந்து? சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவோ?"

கொட்டாஞ்சேனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பஸீர் நானா வந்து பார்த்தார். சக்கரக் கதிரையின் அடிப்பக்கத்தைத் திறந்து, மூடி, கையைத் துடைத்தார்.

"மோட்டரும் ஷோக்கா ஈக்கி, பெட்டரியும் ஷோக்கா ஈக்கி, தங்கச்சி. வேகத்தக் கொறச்சி உள்ளுக்குப் பூட்டுப் போட்டு வெச்சீக்காங்க. அதத் தொறக்க கம்பனிக்காரன்ட கேபிளும் சொஃப்ட்வெயாரும் வேணும். என்னால ஏலா. அவனுக்கெண்டா ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்து வேல."

"வேற வழியே இல்லையோ நானா?"

"ஓட்டுற மூளையக் கழட்டிட்டு வேறொண்டப் போடலாம். ஆனா குச்சியிலீந்து கைய எடுத்தா நிக்குமா எண்டு எனக்குச் செல்ல ஏலா. காலி ரோட்டுல அதெல்லாம் வெச்சிப் பாக்க வேணாம்."

கம்பனியின் ஏஜென்டுடைய ஷோரூம் வேறெங்கும் இல்லை, அதே மஞ்சள் கடவையின் மறுகரையில்தான் இருந்தது. புளோறன்ஸ் நித்திரையாயிருந்த மத்தியானமொன்றில் யூஜினா அங்கே போனாள். மனேஜர் கார்த்திகன் மரியாதையான பிள்ளை, கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். கதிரையின் இலக்கத்தைக் கணினியில் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இது எங்களிட்ட வாங்கினது இல்லை, மிஸ். வெளிநாட்டில வித்தது. எங்களால தொட ஏலாது."

"கேபிள் இருக்குதோ?"

"இருக்கு."

"சொஃப்ட்வெயார்?"

"அதுவும் இருக்கு. பொலிசிதான் இல்லை." பிறகுதான் அவன் அந்த வினையைத் தேடிக்கொண்டான். "சேஃப்டியையும் யோசிக்கவேணும். இந்த வேகம் உங்களுக்குக் காணும், மிஸ். அவசரமாப் போய் என்ன செய்யப்போறீங்கள்?"

யூஜினாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. 'முடியாது' என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். அவளுக்கு எது காணும் என்று அளந்து கொடுக்க இவன் யார்?

"காணுமோ? சரி தம்பி. நாளைக்குப் பாப்பம்."

அடுத்த நாள் காலை, கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் முந்துகிற நேரம் பார்த்து அவள் கடவையில் இறங்கினாள். குமிழை முழுதாகத் திருப்பி, குச்சியை முழுதாகச் சாய்த்துக் கிழவரின் நடையில் மறுகரைக்குப் போனாள். ஷோரூம் கண்ணாடிக்கு முன்னால் திரும்பினாள். மறுபடியும் இறங்கினாள். கடவையில் ஆள் இருந்தால் வாகனம் நிற்கவேண்டும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரிந்த, ஒருவரும் ஞாபகத்தில் வைத்திராத சட்டம். இன்றைக்கு அதை ஞாபகப்படுத்த ஆள் வந்திருந்தது.

பயம் இல்லாமலா? பயந்துகொண்டேதான் போனாள். மூன்றாம் முறை போகும்போது ஒரு பஸ் உறுமிக்கொண்டு மூக்கை நீட்டியது. அப்போது ஒழுங்கை வாயிலில் புளோறன்ஸ் தெரிந்தாள். ஹவுஸ்கோட்டோடு, நொண்டிக்கொண்டு, கையில் குடையோடு வந்தாள். சரி, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று யூஜினா நினைத்தாள்.

புளோறன்ஸ் நேரே பஸ்ஸின் முன்னால் போய் நின்று குடையைத் தூக்கினாள். "கண் தெரியேல்லையோ உனக்கு? ஆள் வருதெல்லே!" பிறகு தங்கச்சியைப் பார்த்தாள். "நீ போ. நான் நிக்கிறன்."

யூஜினா குச்சியை விடாமல் சாய்த்துக்கொண்டே போனாள்.

ஒரு பக்கம் பம்பலப்பிட்டி வரைக்கும், மறுபக்கம் தெஹிவளைப் பாலம் வரைக்கும் வாகனங்கள் நின்றுவிட்டதாக ஒரு கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கத்தினான். ஹோர்ன் சத்தத்தில் காது செவிடாகியது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்.

"நங்கி, மொகத மே கரன்னே?"

என்ன செய்கிறாய் தங்கச்சி என்று கேட்டவருக்கு யூஜினா நல்ல சிங்களத்திலேயே பதில் சொன்னாள். ரோட்டைக் கடக்கிறேன், மாத்தயா. இதற்கு மேல் வேகமாகப் போகவிடாமல் பூட்டு வைத்திருக்கிறார்கள். திறப்பு அந்தக் கண்ணாடிக் கடைக்குள் இருக்கிறது. இந்த வேகம் எனக்குக் காணும் என்று அங்கேயிருக்கிற ஐயா சொல்கிறார். எனக்குக் காணுமென்றால் காலி வீதிக்கும் காணும்தானே?

பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள். பொலிஸ்காரர் ஷோரூமைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கார்த்திகன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பொலிஸ்காரர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கார்த்திகனும் மடிக்கணினியோடு கூடவே வந்தான்.

நடைபாதை ஓரத்தில் வைத்துக் கேபிளைச் செருகினான். திரையில் ஒரு ஜெர்மன் பெயர், அதன் கீழே ஒரு கோடு. கோட்டை விரலால் தள்ளினான்.

"முடிஞ்சுது, மிஸ்."

பிளேன்டீக்குத் தண்ணீர்கூடக் கொதித்திராது. இதற்காகவா அவளை ஆயுள் முழுக்கச் சுவரைப் பார்க்கச் சொன்னார்கள்? யூஜினா குச்சியைச் சாய்த்தாள். கதிரை பாய்ந்தது, முகத்தில் காற்று அடித்தது, கடவையின் மறுகரை கிட்ட வந்தது. போய், திரும்பி வந்தாள்.

"இப்ப சரிதானே?"

"பூட்டையும் எடுங்கோ, தம்பி. குமிழால மாத்த ஏலாத பாய்ச்சலையும் பிரேக்கையும் நானே மாத்திறமாதிரி."

"அது மட்டும் ஏலாது. தேவையெண்டா எங்களிட்டத் திரும்ப வாங்கோ."

"மழைக்குப் பிரேக்கைக் கொஞ்சம் மாத்தவும் உங்களிட்ட வந்து கெஞ்சவேணுமோ? கதிரை என்ரை."

"பொலிசி, மிஸ்..."

யூஜினா வேகக் குமிழை ஆகக் கீழே, அந்தக் கிழவரின் நடையையும் விடக் கீழே திருப்பினாள். மெல்லக் கடவையில் இறங்கினாள். புளோறன்ஸ் குடையைத் தூக்கினாள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துவிட்டுக் கார்த்திகனை ஒரு பார்வை பார்த்தார்.

நடுவீதிக்கு வரும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திறந்த மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்தியபடி, கேபிள் தரையில் இழுபட, கார்த்திகன் ஓடி வந்து அவளோடு அடியடியாக நடந்தான்.

"மிஸ், நில்லுங்கோ. எடுக்கிறன். பூட்டை எடுக்கிறன்."

"கடவையில நிக்கக்கூடாது, தம்பி. அந்தப் பக்கம் போய் எடுப்பம்." யூஜினா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வேகம் உங்களுக்குக் காணும்தானே?"

அவர்கள் போய்ச் சேரும்வரைக்கும் காலி வீதி காத்து நின்றது.