அந்த வீட்டில் இரண்டு அம்மா

தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்த கைபேசி வழியே என் திரையில் முதலில் தெரிந்தது ஒரு நூல்கண்டும் பாதி நெற்றியும்தான். “மேடம், தெரியுதா?” என்றார் தையற்காரர். “நெத்தி தெரியுது. மத்தது எங்க?” என்றேன். அவர் கைபேசியைச் சரிசெய்ததும், பக்கத்தில் இருந்த அவருடைய ஐந்து வயது மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

மேல்வாயில் பிளவோடு பிறந்தவள். ஒன்றரை வயதில் அறுவை சிகிச்சை செய்து நன்றாகவே தைத்திருந்தார்கள். அதற்குள் பேச்சு தனக்கென ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டது. மூக்கு வழியே காற்றுப் போகிற ‘ம’வும் ‘ந’வும் தெளிவாக வரும். வாய்க்குள் காற்றைத் தேக்கி வெடிக்க வேண்டிய ‘ப’வும் ‘த’வும் தொண்டையிலேயே வெட்டுப்பட்டு நின்றுவிடும். ‘அப்பா’ என்று வராததால் அவளுக்கு அம்மாவும் அம்மா, அப்பாவும் அம்மா. “எங்க வீட்ல ரெண்டு அம்மா மேடம். ஒருத்தி வேலைக்குப் போறா, ஒருத்தன் தைக்கிறான்.” சொல்லிச் சிரித்தவர், மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஸ்கூல்ல பேசுறதையே விட்டுட்டா. வாயத் தொறந்தா எல்லாரும் ‘என்ன, என்ன’ன்னு கேக்குறாங்களாம். இப்ப தலையாட்டுறதோட சரி.”

அவர்கள் ஊரில் பேச்சுப் பயிற்சி தர ஆளில்லை. என்னிடம் வர ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டும். நேரில் என்றால் நானே அவள் மூக்கை மெல்லப் பிடித்து, காற்றை வாய்ப்பக்கம் திருப்பியிருப்பேன். இங்கே அவர் விரல்கள்தான் என் விரல்கள். “சத்தம் வேண்டாம், ரகசியம் பேசுற மாதிரி. ஹான்னு மூச்சு விடும்போதே உதட்ட மூடித் தொறக்கணும்” என்றேன். ஆனால் அந்த மெல்லிய காற்றொலியை இரைச்சல் என்று எண்ணிக் கைபேசி விழுங்கிவிடும். ‘ப’ வந்ததா இல்லையா என்பது என் காதுக்கு எட்டாது. அவர் சற்று யோசித்தார். வெட்டுத்துணியிலிருந்து ஓர் இழையை உருவி அவள் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். “ஆடுனா வந்துருச்சு, ஆடலன்னா வரல. சரியா மேடம்?” நாங்கள் வழக்கமாக வைக்கும் காகிதத் துண்டைவிட அது நுட்பமாக இருந்தது.

ஆறு வாரம். மூக்கைப் பிடித்தால் இழை ஆடும், விட்டால் நின்றுவிடும். பிறகு விட்டாலும் ஆடத் தொடங்கியது. ஆனால் ரகசியக் குரலில் மட்டும்தான். குரலெடுத்தால் பழைய வெட்டு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஆகலாம் என்று அவரிடம் சொல்லிவிடலாமா என நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. அவளுக்கு அன்று மனமே இல்லை. குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். “ஒரே ஒரு தடவ, குட்டி” என்று இழையை நீட்டினார். அது ஐந்தாவது ‘ஒரே ஒரு தடவை’. அவள் நிமிராமலே அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“போ!”

கைபேசியால் விழுங்க முடியாத குரல். என் பேனா நின்றுவிட்டது. உதடுகள் சேர வேண்டும். மேல்வாயின் பின்பக்கம் எழும்பி மூக்குவழியை அடைக்க வேண்டும். காற்று தேங்கி, சரியான நொடியில் உதடு விலக வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நாம் யோசிக்காமல் செய்கிற காரியம். அதை அவளும் யோசிக்காமலே செய்துவிட்டாள். இத்தனை வருடப் படிப்பும் அனுபவமும் இருந்தும், அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“மேடம்...” அவர் திரையைப் பார்த்தார். “என்னை ‘போ’ன்னுட்டா.”

“நானும் கேட்டேங்க.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “அப்பாவ என்ன பண்ணச் சொன்ன?”

திட்டு விழப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “போ.”

“போறேன். இதோ போறேண்டா.” எழுந்த வேகத்தில் மேஜை இடித்து, கைபேசி மல்லாக்க விழுந்தது. திரையில் மேலே சுற்றும் மின்விசிறி மட்டும். காலடிச் சத்தம் வாசல்வரை போனது, திரும்பி ஓடிவந்தது. மறுபடி “போ!” கூடவே அவள் சிரிப்பு.

அடுத்த குழந்தையின் அழைப்பு ஓரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே எங்கோ ஒரு சின்னக் குரல் ஒரு மனிதரைத் திரும்பத் திரும்ப வெளியே அனுப்ப, அவர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.